கிட்டாரின் விலாவில் ஒரு ஓட்டை

என் காதைத் தின்றது தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில், நாங்கள் ஸ்டோர் என்போம், ஓடிய ரோலர் மெஷின்தான். வாடிய கொழுந்தைக் கசக்கிச் சுருட்டும் அந்தச் சனியனுக்குப் பக்கத்தில் பதினோரு வருடம் நின்றேன். காதுக்குள் ஓயாமல் இரைகிறது, வேறு வேலைக்கு மாற்றிவிடுங்கள் என்று ஸ்டோரை நடத்தும் டீமேக்கரிடம் போய்க் கேட்டேன். "காது கேக்காதவனுக்கு ரோலர்தானப்பா தோதான எடம்" என்று சொல்லிச் சிரித்தார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் எண்ணெயைச் சூடுகாட்டி ஊற்றி, பஞ்சை அடைத்து, அன்றைக்கே வேலைக்கு அனுப்பினார்கள். டீமேக்கரின் அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தோட்டத்தில் எங்கள் டிவிசனில் ஒரு சின்ன ஜெபக்கூடம் இருந்தது. தோட்டத்தை ஆண்ட பழைய வெள்ளைக்காரத் துரை தன் ஊருக்குக் கப்பலேறியபோது தன் கிட்டாரை அதற்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதைத் தொட்டுப் பார்க்கத் துணிந்தவன் நான் ஒருவன்தான். நானாகவே தட்டித் தடவிக் கற்றுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை அந்த ஒரு மணி நேரம் இருந்ததால்தான் மற்ற ஆறு நாளும் ரோலரைப் பொறுத்துக்கொள்ள முடிந்தது. அதுவும் போய்விட்டால் எனக்கு மெஷின் மட்டும்தான் மிச்சம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் தொடக்கத்தில் அதற்கும் வேட்டு வந்தது. ஆராதனை நடத்துகிற உபதேசியார் என்னைத் தனியே கூப்பிட்டார். "தம்பி, பாட்டு ஒரு பக்கம் போவுது, கிட்டார் ஒரு பக்கம் போவுது. என்ன, சனிக்கெழம ஏதாச்சும் ஊத்திக்கிறீங்களா?" என்றார். நான் சாராயத்தை மோந்துகூடப் பார்க்காதவன். "இன்னும் ரெண்டு வாரம் பாப்பேன். சரிப்படலன்னா கிட்டார பொட்டியில வச்சுப் பூட்டிருவேன்" என்றார். ஓங்கி அறையலாம் போலிருந்தது. கூடத்தில் அத்தனை பேர் கைதட்டிப் பாடும்போது என் கிட்டார் எனக்கே கேட்பதில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

போதாக்குறைக்கு என் பெண்டாட்டி. முன்வரிசைப் பாயில் உட்கார்ந்துகொண்டு தொண்டை கிழியக் கத்துவாள். என் காதுக்கே கேட்கும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். "அடுத்த மலையில கொழுந்து எடுக்குறவளக் கூப்புடுறியாடி?" என்று எங்கள் லயத்து வரிசைவீட்டுப் பெண்கள் கேலி செய்வார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் நான் திட்டுவேன்.

"சபையில வாய அடக்கிப் பாடத் தெரியாதா ஒனக்கு? மானம் போவுது."

அவள் விறுவிறுவென்று முன்னால் நடப்பாள். அது எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பும்.

லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் அரிசி போட்டு வைத்திருந்தது ஒரு பழைய தேயிலைப் பெட்டி. கொழும்பில் சாம்பிள் எடுக்க இப்படிப் பெட்டிகளின் பக்கவாட்டில் ஓட்டை போடுவார்கள். எடுத்தபின் ஒரு வட்டத் தகரத்தை அடித்து மூடுவார்கள். எங்கள் பெட்டியில் அந்தத் தகரம் என்றோ விழுந்துவிட்டது. ஒருநாள் நான் அதன் அருகில் தலைசாய்த்துப் படுத்திருந்தேன். அவள் கைதவறி அரிசி அளக்கும் சுண்டைக் காலிப் பெட்டிக்குள் போட்டுவிட்டாள். அந்தச் சத்தம் ஓட்டை வழியாக வந்து என் காதில் அறைந்தது. துள்ளி எழுந்தேன். கிட்டாரும் ஒரு பெட்டிதானே! அதன் வாய் சபையைப் பார்த்து இருக்கிறது. மேல் விலாவில், என் முகத்தைப் பார்த்தபடி இன்னொரு வாய் வைத்தால் என்ன?

ஸ்டோரில் பெட்டி அடிக்கிற தச்சர், பாஸ் என்று கூப்பிடுவோம், முன்பு கொழும்புக் கிடங்கில் சாம்பிள் ஓட்டை போட்டவர். எலுமிச்சம்பழம் நுழையும் அளவுக்கு விலாவில் வட்டம் வரைந்து, கம்பிகளைத் தளர்த்தி, சனிக்கிழமை காலையில் கிட்டாரை அவரிடம் கொடுத்தேன். வேலை முடிந்து போய்ப் பார்த்தால், வெட்டிய ஓட்டையின் மேல் பளபளவென்று ஒரு வட்டத் தகரம்! சுற்றிலும் ஆறு ஆணி! ஓர் ஆணி பட்ட இடத்தில் பலகை விரல் நீளத்துக்கு வெடித்திருந்தது.

"ஏன் பாஸ் மூடுனீங்க?" என்று கத்தினேன்.

"ஓட்டை போட்டா மூடாம வுடலாமா? ஈரம் பூந்துராது?" என்றார் அவர், ஏதோ நான்தான் மடையன் என்பதுபோல.

"இது என்ன தேயிலையா?" என்று நான் போட்ட சத்தத்தில் ஆட்கள் கூடிவிட்டார்கள். பாஸ் முணுமுணுத்துக்கொண்டே தகரத்தைப் பிடுங்கி, ஓரத்தைத் தேய்த்து, வெடிப்பில் பசை வைத்து இறுக்கிக் கட்டினார். விடியும்வரை கம்பியை முறுக்கக் கூடாது என்றார்.

ஞாயிறு காலை உபதேசியார் ஓட்டையைப் பார்த்தார். முகம் கறுத்தது. "தொரை குடுத்த சாமான இப்புடிப் பண்ணிட்டீங்களே! இன்னைக்கே கடைசி."

"மொதல்ல கேளுங்க. பொறவு பூட்டுங்க" என்றேன்.

மூன்று வருடத்துக்கு முன் காது மங்கியதிலிருந்து விரலுக்குத் தெரியும் இறுக்கத்தை வைத்துத்தான் கம்பி முறுக்குவேன். அன்றும் அப்படியே முறுக்கி, ஒருமுறை மீட்டினேன். சத்தம் ஓட்டை வழியாக நேரே முகத்தில் வந்து விழுந்தது. சகிக்கவில்லை. மேல் கம்பி இறங்கிக் கிடந்தது, அதற்கடுத்தது ஏறிக் கிடந்தது. இதே முறுக்கில்தான் மூன்று வருடமாக வாசித்திருக்கிறேன்! அத்தனை பேர் காதிலும் விழுந்திருக்கிறது. குடிக்கிறாயா என்று கேட்கத் தெரிந்த மனிதருக்குச் சுருதி சேரவில்லை என்று சொல்லத் தெரியவில்லையே. உடம்பெல்லாம் எரிந்தது. எல்லோரும் பார்த்திருக்க, ஒவ்வொரு கம்பியாகச் சரிசெய்தேன். பிறகு வாசித்தேன். முடிவில் உபதேசியார் பெட்டிச் சாவியை எடுக்கவில்லை.

பாட்டின் நடுவில்தான் கவனித்தேன், என் பெண்டாட்டியின் சத்தம் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால் அவள் வாய் மெல்ல அசைந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "இன்னைக்கு மட்டும் ஏன் நீ கத்தல?"

என் காதருகில் வந்து சொன்னாள். "இன்னைக்கு மறைக்க ஒண்ணும் இல்லையேங்க."

"மூணு வருசமா சுருதி சேரலன்னு தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா மறுபடி அத கையில எடுத்திருப்பீங்களா?"

என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டியவர்கள் மூன்று வருடம் அவளைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். நானோ ஞாயிறு தவறாமல் அவளை வாயை மூடச் சொல்லியிருக்கிறேன். டீமேக்கர் மேலும் உபதேசியார் மேலும் கோபப்பட எனக்கு நன்றாகத் தெரியும். அன்று என் மேலேயே வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவதென்று தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு பாட்டுத் தொடங்குமுன் அவள் பக்கம் குனிந்து, "சத்தமாவே பாடு" என்றேன். அவள் சிரித்துத் தலையாட்டினாள். பாட்டுத் தொடங்கியது. கிட்டாரின் ஒவ்வொரு கம்பியும் எனக்குக் கேட்டது. அவள் தன் சொந்தக் குரலில், மெல்லத்தான் பாடினாள். அது எனக்குக் கேட்கவில்லை.