முன்கூட்டியே கொடுத்த முடி

கல்லூரிப் பேருந்தில் போனில் ஒரு வீடியோ பார்த்தேன். கைகால் அசையாத ஒருவர் தலையில் ஹெட்செட் மாட்டியிருந்தார். எதிரே திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக மின்னின. அவர் நினைத்த எழுத்து மின்னும்போது மூளையில் எழும் சின்ன அலையை ஹெட்செட் பிடித்தது. கணினி அந்த எழுத்தை எழுதியது. அண்ணனுக்கு இது போதுமே! அந்த நினைப்பிலேயே என் நிறுத்தத்தைத் தவறவிட்டேன்.

என் அண்ணன் விசைப்படகிலிருந்து விழுந்தவன். தலையிலும் கழுத்திலும் அடி. இரண்டு வருடமாகக் காரைக்கால் வீட்டில் படுக்கை, பேச்சும் இல்லை. கண்ணைச் சிமிட்டுவான். அது பதிலா, வெறும் சிமிட்டலா, எங்களுக்குத் தெரியாது. அவன் உள்ளே இருக்கிறானா? அது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

நிவேதா என் வகுப்புத் தோழி. எங்கள் வீட்டு மீன்குழம்பைத் தட்டில் வழித்துச் சாப்பிடுகிறவள். இருவரும் சேர்ந்தே ஹெட்செட் செய்தோம். முதலில் செய்தது சுமார். இரண்டாவது என் தலையிலும் அவள் தலையிலும் அருமையாக வேலை செய்தது. அண்ணன் தலையில் மட்டும் ஒன்றுமே வரவில்லை. அம்மா தினமும் காலையில் அம்பகரத்தூர் காளியம்மன் பேரைச் சொல்லி அவன் உச்சியில் எண்ணெய் வைப்பாள். நாங்கள் பஞ்சால் துடைத்துவிட்டுத்தான் மாட்டினோம். அது போதும் என்றாள் நிவேதா. நம்பினேன்.

கடைசியில் ஒருநாள், அம்மாவையும் அண்ணனையும் வைத்துக்கொண்டே சொன்னாள்: "உங்க அண்ணன் மூளையிலேர்ந்து சிக்னலே வரலடி. விட்டுடு."

பிறகு, வேறு ஆட்களிடம் சோதிக்க வேண்டும் என்று நல்ல ஹெட்செட்டை எடுத்துப் போனாள். சென்னையில் ஒரு கண்டுபிடிப்புப் போட்டி மேடையில் அதைத் தலையில் மாட்டிக்கொண்டு அவள் நிற்கும் படத்தைத்தான் அடுத்துப் பார்த்தேன். என் பெயர் எங்கும் இல்லை.

அதைக்கூடத் தாங்கியிருப்பேன். மார்க்கெட்டிலிருந்து வந்ததும் அன்றைய மீன் கதையெல்லாம் அண்ணனிடம் சொல்லும் அம்மா, நிவேதா பேச்சைக் கேட்டபின் வாயை மூடிக்கொண்டாள். வந்தவர்கள் அவன் எதிரிலேயே அவன் சாவைப் பற்றிப் பேசினார்கள். அம்மனும் என்னை ஏமாற்றிவிட்டாள் என்று அழுதேன். விளக்கேற்றுவதை நிறுத்தினேன்.

அம்மா நிறுத்தவில்லை. அண்ணனுக்கு அம்பகரத்தூரில் மொட்டை போடுவதாக நேர்ந்துகொண்டாள். காரியம் நடந்த பிறகுதானே முடி கொடுப்பார்கள் என்று சிடுசிடுத்தேன்.

"முன்னாடியே குடுத்துடுறேன். வாங்கிட்டு அவ எப்படிச் சும்மா இருப்பா?" என்றாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவனை வேனில் படுக்கவைத்துக் கூட்டிப் போனோம். எண்ணெயில் ஊறிய முடி மொத்தமும் இறங்கியது. அம்மா சீயக்காய் தேய்த்துக் குடம் குடமாக ஊற்றினாள். வீட்டுக்கு வந்ததும் ஏதோ ஒரு வேகம். மூலையில் கிடந்த அந்த முதல் ஹெட்செட்டை எடுத்து, தண்ணீர் தொட்டு, மழமழவென்ற தலையில் மாட்டினேன்.

அலை வந்தது.

பொழுது சாயும்வரை ஒவ்வொரு எழுத்தாக வந்தது. "எண்ணெய்." நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அப்புறம்: "நிவேதாவுக்குத் தெரியும்."

அடுத்தடுத்த நாள்களில் மீதியையும் எழுதினான். அவனுக்கு எதுவும் புரியாது என்று நினைத்து, எண்ணெய்ப் படலம்தான் அலையைத் தடுக்கிறது என்று அவன் கட்டில் பக்கத்தில் நின்றே யாரிடமோ போனில் பேசியிருக்கிறாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறான்.

அவளிடம் கேட்டேன். "சொல்லியிருந்தா ஹெட்செட்ட நீ குடுத்திருக்க மாட்ட" என்றாள்.

இன்றும் என் நெஞ்சு ஆறவில்லை. அம்மன் சந்நிதியில் நின்றாலும் நிவேதா முகம்தான் முன்னால் வருகிறது. இந்தக் கோபத்தையும் நீயே எடுத்துக்கொள் தாயே என்று கேட்கிறேன். இப்போது தினமும் விளக்கேற்றுகிறேன். மீன் கதை மறுபடி தொடங்கிவிட்டது. அண்ணன் திரையில் வம்பும் இழுக்கிறான்.

கேட்காதவள்போல அம்மன் இருக்கும் நாளிலும் அவளிடம் கேட்டுக்கொண்டே இருங்கள். உங்கள் வீட்டில் பேச்சற்றுக் கிடப்பவரிடம் பேசிக்கொண்டே இருங்கள்.

வரிச்சிக்குடியில் ஓர் அக்கா இதேபோலப் படுக்கையில் இருக்கிறார். இடுப்புவரை முடி. அதை இழக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. முடிக்குள் நுழைந்து தோலைத் தொடும் முனைகள் வைத்து மூன்றாவது ஹெட்செட் செய்துகொண்டிருக்கிறேன். வரும் செவ்வாய் அவர் தலையில் மாட்டிப் பார்க்கப் போகிறேன். எண்ணெய் வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிட்டேன்.