வெயிலில் கிடைக்காத சத்து

எங்கள் வயலின் நடுவே புறவழிச்சாலைக்காகக் கல் நட்டுவிட்டுப் போனார்களே, அதற்கு அடுத்த வருஷம்தான் எங்கள் பூனைக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. வெள்ளையில் கறுப்புத் திட்டுகள் உள்ள ஆண்பூனை. குட்டியாக வைக்கோல் போரில் கிடந்ததை என் கணவர் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். அவர் மோட்டார் கொட்டகைக்குப் போனால் அதுவும் வரப்பில் பின்னாலேயே போகும்.

திருவிடைமருதூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கல் நட்டது முந்தைய ஆட்சியில். தேர்தல் வந்து ஆட்சி மாறியது, கல் அங்கேயே நின்றது. என் கணவர் மனு கொடுத்தார், தாலுகா ஆபீஸுக்கு நடையாய் நடந்தார், மறியலில் உட்கார்ந்து கல்யாண மண்டபத்தில் அடைபட்டுக் கிடந்தார். வீட்டுக்கு வந்தால் பூனையை மடியில் போட்டுக்கொண்டு அதன் காதைத் தடவிக்கொண்டிருப்பார்.

ஒரு காலையில் அது வரப்பில் பாதி வழியிலேயே படுத்துவிட்டது. நாயைப் போல வாயைத் திறந்து இரைத்தது. கூடையில் வைத்துத் தஞ்சாவூருக்கு பஸ்ஸில் கொண்டுபோனோம். வழியெல்லாம் அவர் கூடைக்குள் கையை விட்டபடியே வந்தார்.

கால்நடை மருத்துவர் சின்ன வயதுப் பெண். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, இருதயத்தின் சதை தடித்திருக்கிறது, நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்றார். நீர் பிரிய ஊசி போட்டு, ரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பினார். மறுமுறை போனபோது, உடம்பில் வைட்டமின் டி ரொம்பக் குறைவு என்றார்.

என் கணவர் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. ஊரில் வெயிலுக்கா பஞ்சம், தினமும் களத்தில் படுக்க வைக்கிறேன் என்றார். பூனையின் தோல் நம் தோல் மாதிரி வெயிலிலிருந்து அந்தச் சத்தை உண்டாக்கிக்கொள்ளாது, சாப்பாட்டிலிருந்துதான் வரவேண்டும் என்று மருத்துவர் விளக்கினார். சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து, அளவு மிஞ்சினால் அதுவே விஷம் என்றும் எச்சரித்தார்.

"சத்து ஏறிட்டா இருதயம் சரியாயிடுங்களா?" என்று நான் கேட்டேன்.

"சொல்ல முடியலைங்க. இருதயக் கோளாறு இருக்கிற பூனைகளுக்கு இது குறைவா இருக்கிறதப் பாத்திருக்காங்க. இது குறைஞ்சதால நோய் வந்துச்சா, நோய் வந்ததால இது குறைஞ்சுச்சான்னு இன்னும் தெளிவா தெரியலை."

என் கணவர் கையைக் கூப்பினார். "நிலத்தத்தான் காப்பாத்த முடியலம்மா. இதையாவது காப்பாத்திக் குடுத்துடுங்க."

மருத்துவர் சொட்டு மருந்தின் அளவை இன்னொரு முறை சொல்லிக் கொடுத்தார்.

அதுவரை அடுப்படிப் பக்கமே வராத என் கணவர், பூம்புகார் பக்கத்திலிருந்து மொபெட்டில் மீன் கொண்டுவரும் அம்மாவிடம் சொல்லிவைத்து, அந்தச் சத்து உள்ள மீன் என்று மத்தி வாங்கினார். தானே வேகவைத்து, முள் எடுத்து, விரல் நுனியில் வைத்து நீட்டுவார். பூனை மோந்து பார்க்கும். அவருக்காகத் தின்பதுபோல ஒரு வாய் தின்றுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சொட்டு மருந்து மட்டும் எப்படியோ உள்ளே போனது. அடுத்த ரத்தப் பரிசோதனையில் சத்து சரியான அளவுக்கு ஏறிவிட்டதாக மருத்துவர் போனில் சொன்னபோது, டீக்கடை வரைக்கும் போய் எல்லாரிடமும் சொல்லிவிட்டு வந்தார்.

சம்பாக் கதிர் பால் பிடித்திருந்த சமயத்தில் போலீஸோடு பொக்லைன் வந்தது. அறுப்பு வரைக்கும் பொறுக்கச் சொல்லி என் கணவர் கெஞ்சினார். வந்த அதிகாரி மேலிடத்து உத்தரவு என்று சொல்லிவிட்டு ஜீப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். பச்சைக் கதிரோடு மண் புரண்டதை நாங்கள் வாய்க்கால் கரையில் நின்று பார்த்தோம்.

சில நாள் கழித்து, கொல்லையிலிருந்து நான் இதுவரை கேட்டிராத ஒரு கத்தல் வந்தது. பூனை பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு ஊர்ந்து வந்தது. தொட்டால் கால்கள் இரண்டும் சில்லிட்டிருந்தன. இந்த முறை கார் பிடித்துக்கொண்டு ஓடினோம். இருதயத்தில் கட்டிய ரத்தம் நகர்ந்து போய்க் கால்களுக்குப் போகிற குழாயை அடைத்துவிட்டது என்றார் மருத்துவர்.

"சத்து சரியா இருக்குன்னு சொன்னீங்களேம்மா," என்றார் என் கணவர்.

"சரியாத்தாங்க இருந்துச்சு. இருதயம் பழையபடியேதான் இருந்துச்சு."

வலி தெரியாமல் இருக்க ஊசி போட்டார். அதற்கு மேல் அவரிடம் வைத்தியம் ஒன்றும் இல்லை. மேஜை மேலேயே, என் கணவர் கையை அதன் தலைக்கடியில் வைத்திருக்கும்போதே, மூச்சு நின்றது.

எங்களுக்கு மிஞ்சியிருந்த துண்டு நிலத்தின் ஓரத்தில் அவர் குழி வெட்டினார். வெட்ட வெட்டத் தண்ணீர் ஊறியது. கையால் இறைத்துவிட்டு மறுபடி வெட்டினார், மறுபடி ஊறியது. மண்வெட்டியைப் போட்டுவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேட்டுப் பக்கம் போய் வேறு குழி வெட்டினேன்.