சூரியப் புயலுக்குப் போர்த்திய தார்ப்பாய்

நான் வடிகட்டின முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதையும் பாதி படித்துவிட்டுக் காரியத்தில் இறங்குகிற ரகம்.

போன கோடையில் சூரியப் புயல் பற்றிக் கைப்பேசியில் ஒரு கட்டுரை வந்தது. சூரியன் ஒரு பெரிய மேகத்தைக் கக்குமாம். அது முன்னால் இருப்பதையெல்லாம் இடித்துக்கொண்டு வருகிற வேகத்தில் அதிர்ச்சி அலை எழும்புமாம். மின்னேற்றத் துகள் ஏதாவது அதில் மாட்டினால் போச்சு. அலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காந்தப்புலம் அதைத் திருப்பித் திருப்பி அடிக்கும். ஒவ்வொரு தடவை தாண்டும்போதும் வேகம் கூடும். கடைசியில் தெறித்து வந்து செயற்கைக்கோள்களின் சோலார் தகடுகளையே கெடுத்துவிடுமாம்.

அத்தோடு படிப்பதை நிறுத்திவிட்டேன். கிணத்துக்கடவுத் தோட்டத்தில் எங்கள் மோட்டாரும் சோலாரில்தானே ஓடுகிறது! அடுத்த தோட்டத்து மச்சானிடம், மழைக்குக் கொப்பரைத் தேங்காயை மூடும் தார்ப்பாயைக் கயிற்றோடு வாங்கிவந்து தகடுகளை இறுக்கிக் கட்டினேன்.

மறுநாள் உச்சிவெயிலில் மனைவி வந்தாள். முந்தின நாள் அவள் நட்ட தக்காளி நாற்று மொத்தமும் தலை தொங்கிக் கிடந்தது.

"ஏனுங்க, மோட்டாரு ஏன் ஓடலீங்க?"

"சூரியப் புயலு அம்மணி. பத்தரமா மூடிப்போட்டேன்."

"வெயில்ல ஓடற மோட்டார மூடிப்போட்டீங்களா? நாத்து சாவுதுங்க! அண்ணங்கிட்ட அருவா வாங்கியாந்து அறுங்க, ஓடுங்க!"

ஓடினேன்.

"என்ற தார்ப்பாய அறுக்க என்ற அருவாளா? முடிச்ச அவுத்து எடுங்க மாப்ள!" என்றார் மச்சான்.

திரும்பி மனைவியிடம் ஓடினேன். "அவுக்க நேரமில்லீங்க. கயித்த மட்டும் அறுக்கறம்னு சொல்லுங்க!"

மறுபடி மச்சானிடம் ஓடினேன். "கயிறும் என்றதுதானுங்க மாப்ள!"

இதற்குள் அவள் அங்கிருந்து கத்திக்கொண்டு வர, அவர் இங்கிருந்து கத்திக்கொண்டு வர, நடுவில் இடம் சுருங்கச் சுருங்க என் வேகம் ஏறியது. துகள் தானாக ஓடுவதில்லை, இரண்டு பக்கமும் நெருங்கி வருகிறவர்கள் கொடுக்கிற அடிதான் அதை ஓட்டுகிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐந்தாவது நடையில் கால் தரையில் பாவவில்லை. தகட்டின் மேல் போய் விழுந்து முடிச்சைப் பல்லால் கடித்தே அவிழ்த்தேன்.

சாயங்காலம் நாற்று நிமிர்ந்தது. நானும் மீதிக் கட்டுரையைப் படித்து முடித்தேன்.

"நாம பயப்பட ஒண்ணுமில்லியாம் அம்மணி. பூமியோட காந்தப்புலமும் காத்தும் அந்தத் துகளையெல்லாம் மேலயே தடுத்துப்போடுமாம்."

மடையை அடைத்துக்கொண்டே கேட்டாள்: "உங்களத் தடுக்க ஏதாச்சும் இருக்குதுங்களா?"