பூட்டிய புராக்ஸியும் துண்டு போட்ட ஜன்னல்களும்

ஆபீஸில் என்னைக் கோபக்காரி என்பார்கள். சொல்லட்டும். கோபப்படாமல் அந்த மலையில் ஒரு கம்ப்யூட்டரை ஒரு மழைக்காலம் ஓட்டிக் காட்டட்டும், அப்புறம் பேசலாம்.

இரண்டாயிரத்தைத் தாண்டிய வருஷங்களில், மலைமேல் திண்ணனூர் நாடு என்கிற ஊர்த் தொகுதியில் ஒரு தகவல் மையத்தில் ஆபரேட்டராக இருந்தேன். மலையடியில் காரவள்ளியில் என் வீடு. காலை பஸ்ஸில் ஏறி, சாயங்கால பஸ்ஸில் இறங்குவேன். மையம் என்பது ஓர் அறை, ஒரு பழைய கம்ப்யூட்டர், கூரைமேல் ஒரு டிஷ். டிஷ் வழியாக இன்டர்நெட் வரும். மேகம் இறங்கினால் அதுவும் வராது.

தலைமை ஆபீஸ் சேந்தமங்கலத்தில் இருந்தது. வைரஸ் சுத்தம் பண்ண வேண்டும் என்று அவ்வப்போது கம்ப்யூட்டர் பெட்டியைக் கீழே கொண்டுவரச் சொல்வார்கள். போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போவேன். திரும்பக் கொண்டுவந்து மாட்டினால் இன்டர்நெட்டில் ஒரு பக்கமும் திறக்காது. காரணம் எனக்குத் தெரியும். ஆபீஸில் எந்தக் கம்ப்யூட்டரும் நேராக இன்டர்நெட்டுக்குப் போகாது. புராக்ஸி என்று தரகர் மாதிரி ஒரு கம்ப்யூட்டர் நடுவில் இருக்கும். எல்லாம் அதனிடம் கேட்கும், அது வாங்கித் தரும். கம்ப்யூட்டர் பிரிவு அதிகாரி அதே செட்டிங்கை என் பெட்டியிலும் போட்டு அனுப்பிவிடுவார். மலையில் அந்தத் தரகர் ஏது? இல்லாத ஆளைக் கூப்பிட்டுக்கொண்டே பிரவுசர் உட்கார்ந்திருக்கும்.

நான் செட்டிங்குக்குள் போய், புராக்ஸி வேண்டும் என்று போட்டிருக்கும் டிக்கை எடுத்துவிடுவேன். அது அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரு தடவை அந்த இடத்தையே பூட்டி அனுப்பிவிட்டார். எழுத்தெல்லாம் சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்தது. மவுஸை எத்தனை தடவை தட்டினாலும் டிக் அசையவில்லை.

அன்றைக்கென்று ஓர் அப்பாவும் மகளும் வந்தார்கள். மரவள்ளியும் மிளகும் போடுகிற மலைக் குடும்பம். பெண் நர்சிங் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாள். கவுன்சலிங் தேதிகள் நெட்டில் வந்துவிட்டதாக யாரோ பஸ்ஸில் சொல்லியிருக்கிறார்கள். தபாலில் அழைப்பு இன்னும் கைக்கு வரவில்லை. அவளுடைய நாள் நாளைக்கு என்று இருந்தால், மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் சென்னை போய்ச் சேர முடியும். தவறினால் சீட்டு வேறு யாருக்கோ போய்விடும்.

அதிகாரிக்குப் போன் போட்டேன்.

"சார், அந்தப் பூட்டை எடுத்துவுடோணுங்க. இங்க ஒரு புள்ளைக்கு அவசரம்."

"திங்கக்கிழமை நானே வாரேம்மா. அதுவரைக்கும் எதையும் நோண்டாத."

"திங்கக்கிழமை வரைக்கும் சீட்டு காத்துட்டிருக்குமுங்களா?"

"அது எனக்கெப்படிம்மா தெரியும்?"

"அப்பச் சரி, வெச்சிருங்க" என்று நானே வைத்துவிட்டேன்.

அவர் பூட்டியது வாசலை மட்டும்தான். அந்த டிக் நிஜத்தில் விண்டோஸுக்குள் ரிஜிஸ்ட்ரி என்ற இடத்தில் ஓர் எண்ணாக இருக்கிறது. ஒன்று என்றால் புராக்ஸி உண்டு, பூஜ்யம் என்றால் இல்லை. நாமக்கல்லில் கோர்ஸ் படித்தபோது இதைக் கற்றிருந்தேன். நோட்பேடைத் திறந்து அந்த எண்ணைப் பூஜ்யமாக்க நாலைந்து வரி நிரல் எழுதி ஓட்டினேன். ரிஜிஸ்ட்ரியில் போய்ப் பார்த்தேன். பூஜ்யம்தான். பக்கத்தைத் திறந்தேன். 'பக்கத்தைக் காட்ட முடியவில்லை' என்றது. மறுபடி ஓட்டினேன். மறுபடியும் அதே பதில்.

பெஞ்சில் மிளகு விலை பார்க்கக் காத்திருந்த ஒருவர் சிரித்தார். "ஏனுங்க அம்மிணி, தந்தியாட்டம் அடிக்கிறீங்க, மறுபக்கம் ஆள் இல்லீங்களாட்ட இருக்குது."

"நீங்க வந்து அடிச்சுப் பாக்கறீங்களா?" என்றேன்.

நிரலில் தப்பில்லை. அது எனக்கு உறுதி. பிறகு ஏன் ஓடவில்லை? அப்போதுதான் திரையின் அடியைப் பார்த்தேன். வரிசையாகச் சுருக்கி வைத்த ஜன்னல்கள்.

எங்கள் மையத்துக்கு வருகிறவர்களுக்கு ஒரு வழக்கம். கூட்டமான பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட்டுப் பிடிப்பது போல, வந்ததும் பிரவுசரில் தனக்கென்று ஒரு ஜன்னலைத் திறந்து சுருக்கி வைத்துவிட்டுப் பெஞ்சுக்குப் போய்விடுவார்கள். அதுதான் வரிசை. முதல் ஜன்னல்காரர் முதலில் பார்ப்பார். அடுத்தவர் ஜன்னலை மூடுவது துண்டை எடுத்து வீசுவதற்குச் சமம். அதனால் யாரும் மூட மாட்டார்கள், நானும் மூடியதில்லை. ஆனால் பிரவுசர் தன் செட்டிங்கைக் கிளம்பும்போது ஒரு தடவைதான் படிக்கிறது. அந்தப் பழைய மெஷினில் புது ஜன்னலைத் திறந்தாலும், ஏற்கெனவே ஓடுகிற பிரவுசரின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் வரும். அது காலையில் படித்த 'ஒன்று' என்ற பழைய எண்ணையே வைத்துக்கொண்டிருந்தது.

"எல்லாத்தையும் மூடப் போறேன்" என்றேன்.

மிளகுக்காரர் எழுந்துவிட்டார். "அதெப்படிங்க? காத்தால வந்து எடம் புடிச்சு வெச்சிருக்கறனுங்க. என்ர ஜன்னல்தான் முதல்."

"பஸ்ஸே கெளம்பலீங்ண்ணா. சீட்டப் புடிச்சுட்டு எங்க போறீங்க?"

"இருந்தாலும் மொறைன்னு ஒண்ணு இருக்குதில்லீங்க."

"இந்தப் புள்ளைக்கு மூணு மணிக்கு பஸ்ஸு. உங்க மெளகு நாலு மணிக்கும் மெளகுதான்."

அறையில் சிரிப்புக் கிளம்பியது. அவர் சிரிக்கவில்லை. பெண்ணின் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, "எங்களால சண்டை வேண்டாமுங்க, நாங்க அப்பறமா வாரோம்" என்றார். எனக்கு அவர் மேல்தான் அதிகக் கோபம் வந்தது. "உக்காருங்க" என்றேன். உட்கார்ந்தார். ஒவ்வொரு ஜன்னலாக மூடினேன். பிறகு பிரவுசரைப் புதிதாகத் திறந்தேன்.

டிஷ் தன் வேகத்தில் இழுத்தது. பாதிப் பக்கம் வந்து நின்றது. மீதியும் வந்தது. பெண் திரைக்குப் பக்கத்தில் குனிந்து விரலால் நம்பர்களைத் தடவிக்கொண்டே போனாள். விரல் ஓர் இடத்தில் நின்றது.

"நாளைக்கு, அக்கா. காலைல."

"நாளைக்குங்களா?" என்றார் அப்பா. "மாத்துத் துணிகூட எடுத்தாரலீங்களே."

"துணியப் பாத்துட்டிருந்தா பஸ்ஸு போயிரும், வாங்கப்பா." அவள் அதற்குள் வாசலில் இருந்தாள்.

அவர்கள் போனதும் மிளகுக்காரருக்கு விலையைக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டுப் போனார். பல நாள் என்னோடு பேசவில்லை. எனக்கு அதில் வருத்தமில்லை. நிரலில் பிரவுசரை முதலில் மூடுகிற வரியையும் சேர்த்து, பெட்டி மலையில் கிளம்பும்போதெல்லாம் தானாக ஓடும்படி வைத்தேன்.

அதிகாரி திங்கட்கிழமை வந்தார். பக்கங்கள் திறப்பதைப் பார்த்தார்.

"நான் பூட்டி வெச்சிருந்தேனேம்மா."

"பூட்டியேதாங்க இருக்குது. பாருங்க."

பார்த்தார். சாம்பல் நிறம் அப்படியே இருந்தது, டிக் மட்டும் இல்லை. "யாரைக் கேட்டுப் பண்ணுனே?" என்றார். அந்தப் பெண்ணின் கவுன்சலிங்கைச் சொன்னேன். மேலிடத்துக்கு எழுதுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். எழுதியும் இருப்பார். அந்தப் பெண்ணுக்கு சேலத்தில் சீட்டு கிடைத்தது.