ஆர்வில் வாய் திறக்காத கிறிஸ்துமஸ்

அமெரிக்காவில், ஏரிக்கரை ஊரான டுலூத்தில், எங்கள் பஸ் டிப்போவில் கிறிஸ்துமஸ் லீவு சீனியாரிட்டிப்படிதான். பழைய ஆட்கள் முதலில் எடுத்துக்கொள்வார்கள். மிச்சமிருப்பவர்கள் பனியில் வண்டி ஓட்டுவார்கள். ஆர்வில் ஹால்வர்சன் எப்போதும் மிச்சத்தில்தான் இருந்தார். அவர் மனைவி மாரிட் அதற்காக முகம் சுளித்ததில்லை. அவர்கள் வீட்டில் பண்டிகையே மறுநாள்தான். பண்டிகைக்கென்றே செய்கிற, பாலில் குழைந்த அரிசிக்கஞ்சியும் அன்றைக்குத்தான்.

ஒருவழியாக ஆர்விலின் முறை வரவிருந்த வருஷம், விதியை மாற்றினார்கள். பிள்ளை குட்டிக்காரர்கள் கெஞ்சியதில், இனிமேல் குலுக்கல் என்று முடிவாயிற்று. ஆர்விலும் ஆதரித்துக் கை தூக்கினார். அது வசந்தகாலம். மாரிட்டுக்கு நுரையீரலில் புற்று என்று தெரிந்தது இலை உதிரும்போது.

குலுக்கலில் கடைசி லீவுச் சீட்டு கோரின் என்ற புதுப்பெண்ணுக்கு விழுந்தது. கைக்குழந்தைக்காரி. துள்ளிக் குதித்தவள் ஆர்விலின் பக்கம் திரும்பினாள்.

"என்ன ஆர்வில், மூஞ்சி தொங்கிப்போச்சு? அடுத்த வருஷம் உங்களுக்குத்தான், பாருங்க!"

அவர் சிரித்துவைத்தார். வண்டிகளைப் பிரித்து அனுப்புகிற நான் பக்கத்தில்தான் இருந்தேன். மாரிட்டின் நோயைப் பற்றி எனக்கும் ஒன்றும் தெரியாது.

வீட்டில் நடந்ததைப் பின்னால்தான் சொன்னார்.

"ஒரு வார்த்தை சொன்னா அந்தப் பொண்ணு விட்டுக்கொடுத்துடுவா மாரிட்."

"சொல்லாதே. அந்தக் குழந்தைக்கு முதல் கிறிஸ்துமஸ். நமக்கென்ன, மறுநாள் இருக்கே."

கிறிஸ்துமஸ் அன்று ஏரிக்காற்று ஊசியாய்க் குத்தியது. வண்டியில் ஆளே இல்லை. மத்தியானம் ஆர்வில் வீட்டுக்குப் போன் போட்டார். துணைக்கு இருந்த பக்கத்து வீட்டம்மாள் மாரிட்டின் காதில் போனை வைத்தாள்.

"ரோடு வழுக்குதா?"

"கொஞ்சம்."

"பாத்து ஓட்டு."

அவ்வளவுதான் பேச்சு. அவர் வீடு திரும்பியபோது மாரிட்டுக்கு நினைவில்லை. கோட்டைக்கூடக் கழற்றாமல் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விடிவதற்குள் போய்விட்டாள்.

அடக்கத்துக்குக் கோரின் குழந்தையோடு வந்தாள். அழுது அழுது முகமே வீங்கியிருந்தது.

"ஏன் ஆர்வில் சொல்லலை? அன்னிக்கு நான் பத்து மணி வரைக்கும் தூங்கிக்கிட்டு இருந்தேன். சும்மா தூங்கிக்கிட்டு இருந்தேன்..."

அவர் குழந்தையின் குல்லாயை இழுத்துக் காதை மூடிவிட்டார்.

கோரின் சும்மா இருக்கவில்லை. வீட்டில் சாகக்கிடக்கிறவர் இருந்தால் குலுக்கலே வேண்டாம், அந்த வீட்டு டிரைவருக்குத்தான் முதல் லீவு என்று விதியில் சேர்க்கும்வரை மேனேஜரை விடவில்லை.

அடுத்த டிசம்பரில் ஆர்விலின் பெயரே சீட்டில் விழுந்தது. யாரும் கை தட்டவில்லை. பண்டிகையன்று காலை வண்டிகளை அனுப்பிக்கொண்டிருந்தேன். சீருடையோடு வந்து நின்றார்.

"உங்களுக்கு இன்னைக்கு லீவாச்சே!"

"வீட்ல என்ன பண்றதுன்னு தெரியலப்பா. ஏதாவது வண்டி குடேன்."

ஏரிக்கரை வண்டியின் சாவியை எடுத்துக் கொடுத்தேன்.