கிராணி அளவுக்கு ஒரு ஓட்டை

கலும்பாங் கடைத்தெருவில் படக்கடை வைத்திருந்த ரெங்கசாமி, கல்யாண வீடுகளில் எல்லாரையும் சிரிக்கச் சொல்லுவார், தாம் சிரிக்கமாட்டார். ஒருவர் மேல் கறுவிக்கொண்டால் அவருக்கு லேசில் ஆறாது. அவர் கறுவியது ஒரே ஒரு ஆளை, ரப்பர் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி சுப்பிரமணியத்தை.

ரெங்கசாமியின் தாயார் வேலம்மா அந்தத் தோட்டத்தில் பால் வெட்டியவள். வெள்ளைக்காரத் துரை சீமைக்குக் கிளம்புமுன் ஆட்களை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தார். ரப்பர்பால் காய்ந்த கைலியோடு வேலம்மாவும் ஓடிவந்து நின்றாள். கிராணி குடைக்கம்பால் அவள் தோளைத் தட்டி, "நீ ஒதுங்கு. படமே கெட்டுப் போயிடும்," என்றார். ஒதுங்கினாள். பிறகு அவளை யாரும் படம் எடுக்கவில்லை. மகன் கேமரா பிடிக்கக் கற்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள். திவசத்துக்கு மாலை போட ஒரு படமில்லாமல், அவள் சேலையை மடித்து வைத்து அதன்மேல் பூ வைக்கும்போதெல்லாம் ரெங்கசாமிக்கு வயிறு எரியும்.

துரை விட்டுப்போன கேமரா பின்னாளில் பங்களா சாமான்களோடு விலைக்கு வந்தது. ரெங்கசாமி விடுவாரா?

மரப்பெட்டி, முன்னால் இரண்டு கண்கள். நம் கண்களுக்கு நடுவே உள்ள இடைவெளிதான் அவற்றுக்கும். ஃபிலிம் சுருள் கிடையாது. மருந்து பூசிய கண்ணாடித் தகட்டைப் பின்னால் செருகி விசையைத் தட்டினால், இரண்டு கண்ணும் சேர்ந்து திறந்து, ஒரே தகட்டில் பக்கம் பக்கமாக இரண்டு படம் விழும். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தாலும் இடக்கண் பார்த்தது வேறு, வலக்கண் பார்த்தது வேறு. தகட்டில் எல்லாம் தலைகீழாக விழுவதால், நிமிர்த்தும்போது பக்கம் மாறிப்போகும். அதனால் அச்சுப் போட்டதும் நடுவில் வெட்டி, இடத்தை வலமாகவும் வலத்தை இடமாகவும் மாற்றி ஒட்டவேண்டும். பிறகு, இரண்டு பூதக்கண்ணாடி பதித்த பெட்டிக்குள் வைத்துப் பார்த்தால் ஆட்கள் அப்படியே எழுந்து நிற்பார்கள், கிட்டே இருப்பவர் கிட்டே, தள்ளி இருப்பவர் தள்ளி.

முதல் தடவை ரெங்கசாமி மாற்றி ஒட்ட மறந்துவிட்டார். கோயில் மதிலுக்கு முன்னால் நின்ற ஆட்டைத்தான் எடுத்திருந்தார். பெட்டிக்குள் பார்த்தால் மதில் முன்னால் வந்துவிட்டது. ஆடு நின்ற இடத்தில் ஆட்டு வடிவில் ஒரு ஓட்டை. உடனே அவருக்குக் கிராணி ஞாபகம் வந்தது.

எண்பத்து நாலில் கிராணி வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். அவரே கடை தேடி வந்தார்.

"தொரை எடுத்தாரே, அந்த ரெண்டு கண்ணு கேமராவுலதான் எடுக்கணும்லா. நான் தனியாத் தெரியணும்."

"தெரிவீங்க ஐயா," என்றார் ரெங்கசாமி.

ஆபீஸ் வாசலில் மாலையும் கழுத்துமாகக் கிராணி நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் மனைவி அம்சவள்ளி பக்கத்தில் வந்து நின்றாள். "நீ அங்க போயி அதுங்களோட நில்லு," என்று பால்வெட்டு ஆட்கள் நின்ற பின்வரிசைக்கு விரட்டினார். வரிசையையும் விடவில்லை. "தள்ளிப் போங்க. இன்னும் தள்ளி." ரெங்கசாமி விசையைத் தட்டாமல் காத்திருந்தார். கிராணி விரட்ட விரட்ட ஓட்டை ஆழமாகும்.

இந்தத் தடவை ரெங்கசாமி மறக்கவில்லை, வேண்டுமென்றே மாற்றாமல் ஒட்டினார். பெட்டிக்குள் பால்வெட்டு ஆட்கள் முகத்துக்கு நேரே வந்து நின்றார்கள். நடுவே, மாலை போட்ட ஒரு பொந்து. "பாத்தியாம்மா," என்று வாய்விட்டுச் சொன்னார்.

கிராணியின் முகம் செத்துப்போவதைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்றுதான் ரெங்கசாமியே பெட்டியை அவர் வீட்டுக்குக் கொண்டுபோனார். கிராணி பெட்டியைக் கண்ணில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"ராஜா மாதிரி இருக்கேன்லா."

"நல்லாப் பாருங்கய்யா. ரெண்டு கண்ணாலயும் பாருங்க."

"பாத்தாச்சு, பாத்தாச்சு," என்று பெட்டியை மனைவியிடம் நீட்டிவிட்டுக் குளிக்கப் போனார். ரெங்கசாமிக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது. இத்தனை காலக் காத்திருப்பும் மண்ணாய்ப் போயிற்றே.

அம்சவள்ளி பார்த்தாள். பெட்டியை இறக்கி, ரெங்கசாமியைப் பார்த்தாள்.

"அவருக்கு எடது கண்ணுல பார்வை போயி ரொம்ப நாளாச்சு தம்பி. வெளிய சொன்னா மரியாத கொறஞ்சிடுமாம். ஒத்தக் கண்ணுக்கு இது வெறும் படந்தான் போல."

அப்படியானால் இவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ரெங்கசாமி கையை நீட்டினார். "குடுங்கம்மா, மாத்தி ஒட்டித் தரேன்."

அவள் தரவில்லை. "கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து தள்ளி நில்லு, தள்ளி நில்லுன்னுதான் கேட்டுருக்கேன். இதுலதான் நான் முன்னால இருக்கேன். ஹால்லயே இருக்கட்டும்."

அந்தத் தீபாவளிக்கு வந்தவர்களுக்கெல்லாம் கிராணியே பெட்டியை எடுத்துக் கொடுத்தார். "எப்படித் தெரியறேன் பாருங்க." பார்த்தவர்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு, "அருமையா இருக்குங்க," என்றார்கள். அம்சவள்ளி பலகாரத் தட்டை நீட்டிக்கொண்டே, "இன்னொரு தடவ பாருங்க," என்று உபசரித்தாள்.

அதன்பின் ரெங்கசாமி எந்தத் தீபாவளிக்கும் அந்த வீட்டுக்குப் போகத் தவறவில்லை. தம் முறை வரும்வரை காத்திருந்து, இரண்டு கண்ணாலும் நிதானமாகப் பார்த்துவிட்டு, முறுக்கு எடுத்துக்கொள்வார்.