பாட்டுப் போனை விற்ற பாடு

போன் கடைக்குப் போன் வாங்க வருபவர்கள் குறைவு. ஏற்கனவே வாங்கிய போனைப் பற்றி முறையிட வருபவர்கள்தான் அதிகம். கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கும் உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. துணிக்கடையோ மீன்கடையோ, நம் எல்லோருக்கும் வாய்த்தது ஒரே சிரிப்பு. காலையில் மாட்டினால் கடை பூட்டும்போதுதான் கழற்றலாம்.

நான் நிற்பது லண்டன் ரெய்னர்ஸ் லேனில், ஒரு சேலைக் கடைக்கும் சலூனுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் கடையில். முதலாளி நேசன் அண்ணை. வைகாசியில் ஒருநாள் அவர் தன் வான் வண்டியிலிருந்து பெட்டி பெட்டியாக இறக்கினார். உள்ளே எவரும் பெயர் கேள்விப்படாத ஒரு கம்பனியின் பாட்டுப் போன். முதுகில் இரண்டு ஸ்பீக்கர், வயர் ஹெட்போன் குத்த ஒரு ஓட்டை, மெமரி கார்ட் போட இடம், பாட்டை மாற்ற விளிம்பில் தனிப் பொத்தான்கள், இரண்டு நாள் தாங்கும் பற்றரி. நிறை இவ்வளவுதான். குறை என்று பார்த்தால் கமெரா மங்கல், திரை சின்னது, வந்த மெசேஜ் திறப்பதற்குள் ஒரு தேநீர் குடித்து முடிக்கலாம். சட்டைப் பையில் போட்டால் சட்டை ஒரு பக்கம் சாயும்.

"தீபாவளிக்கு முதல் இதுகள் முடியோணும், பிள்ளை," என்றார் நேசன் அண்ணை. "இல்லாட்டி உந்தக் கவுண்டரை பபிள் டீக்குக் குடுத்திடுவன். ஆக்கள் கேட்டுக்கொண்டு திரியினம்."

பபிள் டீ என்பது சவ்வரிசி உருண்டைகள் போட்டு, குழாயால் உறிஞ்சும் குளிர்ந்த தேநீர். சவ்வரிசியைப் பாயசத்தைத் தவிர வேறெதிலும் போட்டு எனக்குப் பழக்கமில்லை. இங்கே வருமுன் நான் ஒரு சாண்ட்விச் பாக்டரியின் குளிரறையில் வேலை செய்தவள். கையுறைக்கு மேல் கையுறை போட்டும் விரல் மரத்துப்போகும். இந்தக் கவுண்டரில் எனக்கு ஒரு ஸ்டூல், ஒரு ஹீட்டர், தேநீருக்குச் சுடுதண்ணீர் வைக்கச் சொந்தமாக ஒரு கேத்தல் இருக்கின்றன. இதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. ஆகவே பாட்டுப் போனை விற்கத் தொடங்கினேன்.

வயர்

முதலில் வந்தவர் ஒரு நர்ஸ் அக்கா. ஷிப்ட் முடிந்து நேரே வந்திருந்தார். கோட்டுக்கு அடியில் யூனிபோர்ம் தெரிந்தது. வயர் இல்லாத ஹெட்போன் வாங்கி வாங்கி, ஒவ்வொரு முறையும் ஒற்றைக் காதைத் தொலைத்துவிடுகிறாராம். ஒன்று ரயிலில், ஒன்று ஆஸ்பத்திரி லொண்டரியில், இன்னொன்று அவரே சமைத்த பருப்புக்குள். வீட்டில் மூன்று வலது காதுகள் மிச்சம் இருப்பதாகச் சொன்னார்.

நான் பாட்டுப் போனை எடுத்து, ஓட்டையைக் காட்டி, வயரைக் குத்திக் காதில் மாட்டிவிட்டேன். இந்தக் காலத்தில் வயர் என்பது பழைய பாணி என்று அவர் சொல்லப்போகிறார், அதற்கு என்ன பதில் சொல்லலாம் என்று யோசித்தபடி நின்றேன். அவர் ஒரு காதைக் கழற்றிக் கீழே விட்டார். அது வயரில் தொங்கியது. இன்னொரு முறை விட்டார். அப்போதும் தொங்கியது. முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"இதுதான் தங்கச்சி நல்லது. ஒண்டு விழுந்தாலும் மற்றது விடாமல் பிடிச்சுக்கொண்டு நிக்கும். என்ரை மனிசனுக்கும் ஒருக்காக் காட்டோணும்."

ராகுகாலம்

ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், காரின் முன் கண்ணாடிக்குள் எலுமிச்சம்பழம் வைத்திருக்கும் வகையைச் சேர்ந்த ஒருவர் வந்தார். அரை மணித்தியாலத்தில் போனைப் பிடித்துப்போய்விட்டது. சத்தம் பிடித்தது, பொத்தான் பிடித்தது, பெட்டியின் நிறம் மட்டும் பிடிக்கவில்லை, அதை மன்னித்துவிட்டார். சிம்மைப் போட்டு ஓன் பண்ணலாமா என்று கேட்டேன். மணிக்கூட்டைப் பார்த்து, "பொறுங்கோ, ராகுகாலம்" என்றார்.

சரி, பத்து நிமிடம் பொறுப்போம் என்று நினைத்தேன். நம் வாழ்க்கையில் பொறுக்காததா? அவரோ பகல் ஒரு மணிக்குப் பிறகுதான் என்றார். ராகுகாலம் ஒன்றரை மணித்தியாலம்தானே, பன்னிரண்டுக்கு முடிந்துவிடுமே என்று வாயை விட்டேன். அது ஊர்க் கணக்காம். பகலை எட்டாகப் பிரித்து அதில் ஒரு பங்கு ராகுவுக்கு. லண்டனில் கோடையில் பகல் நீளம். ஆகவே ராகுவும் இரண்டு மணித்தியாலம் இருந்துவிட்டுத்தான் போவாராம். கவுன்சில் பார்க்கிங்கூட அவ்வளவு நேரம் கிடைப்பதில்லை.

வேறு ஆட்கள் வந்தார்கள், போனார்கள். இவர் ஸ்டூலில் இருந்தார். என் ஸ்டூலில். நான் நின்றேன். இப்படியே வீட்டுக்குப் போய் யோசித்துப்பார்த்து வாங்காமல் விட்டுவிடுவாரோ என்று எனக்கு ஒரே பதற்றம். அந்த நேரம் வெளியே பார்க்கிங் தண்டம் எழுதும் ட்ராபிக் வோர்டன் அவருடைய காரை நோக்கி நடந்து வருவது தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது. போனின் பெட்டியைத் திருப்பி, அடியில் இருந்த எழுத்தை வாசித்தார்.

"இது சீனாவிலை செய்தது. அங்கை ராகுகாலம் எப்பவோ முடிஞ்சிருக்கும். கெதியாய்ப் போடுங்கோ."

விம்பிள்டன் காது

மலேசியத் தமிழர் ஒருவர் விம்பிள்டனிலிருந்து இரண்டு ரயில் மாறி வந்தார். கணக்காளர். படிக்க வந்து, அப்படியே இங்கே தங்கிவிட்டவர். இசையில் அவருக்குப் பெரிய ஈடுபாடு. சொந்த ஹெட்போனை வெல்வெட் பைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். அதை அவர் எடுத்த விதத்தைப் பார்த்து நானும் கையைத் துடைத்துக்கொண்டேன்.

பிறகு கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முதலில் வீணை, பிறகு வயலின், பிறகு ஏதோ வெள்ளைக்கார பியானோ. அதே துண்டுகளைத் தன்னுடைய விலையுயர்ந்த போனிலும் போட்டுக் கேட்டார். "பேஸ் ஓகே லா. ட்ரெபிள் கொஞ்சம் குத்துது," என்றார். குத்துகிறதா என்று நானும் கவலையோடு கேட்டேன். எனக்கு வீணை வீணையாகத்தான் கேட்டது. கடைசியில் என்னை இரண்டு போனையும் அவருடைய முதுகுக்குப் பின்னால் மாற்றி மாற்றிப் பிடித்து, எந்தப் போனில் பாடுகிறதென்று தனக்குச் சொல்லாமல் போடச் சொன்னார். போட்டேன். "இது என்னோடது" என்று அவர் அடித்துச் சொன்ன ஒவ்வொரு முறையும் பாடியது செங்கல் கனத்தில் இருக்கும் எங்கள் பாட்டுப் போன்தான்.

கண்ணைத் திறந்தார். இரண்டு போனையும் மாறி மாறிப் பார்த்தார். விற்றுவிட்டேன் என்று நான் பெட்டியை எடுக்கக் குனிந்தேன். அவர் ஹெட்போனை வெல்வெட் பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டார்.

"இது நல்லா இருக்குன்னு ஒத்துக்கிட்டா நான் வாங்கினது வேஸ்ட்னு ஆயிடும் லா. அந்த மனவருத்தம் எனக்கு வேணாம்."

மங்கல் கமெரா

யூனிவர்சிட்டியில் படிக்கும் பிள்ளை ஒன்று தகப்பனைக் கூட்டிக்கொண்டு வந்தது. தகப்பன் பாட்டைப் பற்றிக் கேட்டார். மகள் கமெராவைப் பற்றி மட்டும் கேட்டாள். நான் உள்ளதைச் சொல்லிவிட்டேன்: படம் எடுத்தால் ஆள் தெரியும், ஆர் என்று தெரியாது. இதோடு போய்விடுவார்கள் என்று நினைத்தால், அவள் தகப்பனின் தலைக்கு மேலால் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"பெர்ஃபெக்ட், அன்ரி. அப்பா டெய்லி தன்ரை சாப்பாட்டை ஃபோட்டோ எடுத்து ஃபமிலி குரூப்பிலை போடுறார். பேக் பண்ணுங்கோ, ப்ளீஸ்."

கெட்டிமேளம்

ஆவணி வந்துவிட்டது. பாதிக்கு மேல் பெட்டிகள் அப்படியே இருந்தன. ஒருநாள் நேசன் அண்ணை அளவு நாடாவோடு வந்து, என்னோடு ஒரு வார்த்தை பேசாமல், கவுண்டரின் நீளத்தை அளந்துவிட்டுப் போனார். அன்று சாப்பாட்டு நேரத்துக்கும் நான் ஸ்டூலை விட்டு இறங்கவில்லை.

அந்த வாரம்தான் கிழக்கு லண்டன் குட்மேய்ஸிலிருந்து தவமணி அக்கா வந்தார். மகளுக்குக் கல்யாணம். அதே முகூர்த்தத்தில் லண்டனில் வேறு பலரும் கல்யாணம் வைத்திருந்ததால் மேளகாரர் ஒருவரும் கிடைக்கவில்லை. நாதஸ்வரத்தையும் தவிலையும் மெமரி கார்டில் ஏற்றி, இந்தப் போனை மைக்குக்குக் கிட்டப் பிடித்தால் எட்டு ஊருக்குக் கேட்கும் என்று நான்தான் சொன்னேன். விற்கிற வாய்க்கு விவஸ்தை கிடையாது. அக்கா போனை வாங்கினார், பிடிப்பதற்கு என்னையும் வரச் சொன்னார். கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் மாட்டேன் என்று நம் ஆட்களிடம் சொல்ல முடியுமா?

மண்டபம் நிறைந்திருந்தது. நான் மைக்குக்குப் பக்கத்தில் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு நின்றேன். காலையிலிருந்து பாட்டுப் போன் ஒரு குறையும் வைக்கவில்லை. பெண் அழைப்புக்கு வாசித்தது, கூறைச் சேலை கொடுக்கும்போது வாசித்தது. நல்ல பிள்ளை என்று மனதுக்குள் தடவிக்கொடுத்தேன். ஐயர் கையை உயர்த்திக் கெட்டிமேளம் காட்டினார். நான் பொத்தானை அழுத்த, தவில் மண்டபத்தை அதிரவைத்தது. கெட்டிமேளம் எதற்கென்று உங்களுக்குத் தெரியும்: தாலி ஏறும் நேரம் ஒரு தும்மலோ கெட்ட சொல்லோ எவர் காதிலும் விழக்கூடாது.

மாப்பிள்ளை தாலியைக் கழுத்தருகே கொண்டுபோனார். மேளம் நின்றது. அக்கா காலையில் தன் சிம்மை அந்தப் போனில் போட்டிருந்தது எனக்குத் தெரியாது. அழைப்பு வந்தால் பாட்டை நிறுத்தி, கூப்பிடுகிறவரின் பெயரை உரத்து வாசிக்கும் வசதி ஒன்று அதில் இருந்ததும் எனக்குத் தெரியாது. வெள்ளைக்காரப் பெண் குரல் ஒன்று, மைக்கில், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி, "சோத்துக்காரர் கோலிங்" என்றது. மறுபடியும் "சோத்துக்காரர் கோலிங்." மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்தவர் எந்த வாசலால் வருவதென்று கேட்கப் போன் எடுத்திருக்கிறார். அக்கா அவரை அந்தப் பெயரில்தான் பதிந்து வைத்திருந்தார்.

எனக்கு எந்தப் பொத்தான் எதற்கென்பது மறந்துபோனது. ஐயர் கையை இறக்கவில்லை. மாப்பிள்ளை தாலியோடு அப்படியே நின்றார். அப்போது நடு வரிசையிலிருந்து மட்டக்களப்புக்கார அம்மா ஒருவர் எழுந்து நாக்கைச் சுழற்றிக் குரவை போட்டார். யாழ்ப்பாணத்தார் கல்யாணத்தில் குரவை வழக்கமில்லை. அந்த நேரத்தில் எவரும் வழக்கம் பார்க்கவில்லை. கை தட்டினார்கள், கதிரையைத் தட்டினார்கள், ஒருவர் தாம்பாளத்தைக் கவிழ்த்து அடித்தார். அந்த இரைச்சலுக்குள் தாலி ஏறியது. பெண் சிரித்த சிரிப்பில் மாப்பிள்ளையால் முடிச்சைச் சரியாகப் போட முடியவில்லை.

நான் போனை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு மணவறைக்குப் பின்னால் போய் நின்றேன். கவுண்டர் போனது போனதுதான் என்று கண் கலங்கிவிட்டது. தவமணி அக்கா என்னைத் தேடி நேரே வந்தார். ஏசப்போகிறார் என்று தலையைக் குனிந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தாலி ஏறேக்கை சோறு எண்டு கேட்டது, தங்கச்சி. பிள்ளையள் ஒருநாளும் பட்டினி கிடக்காதுகள்."

கடைசி வரிசை

அக்கா பெரிய மனசுக்காரி. ஊர் அப்படியில்லை. திங்கட்கிழமைக்குள் கதை குட்மேய்ஸிலிருந்து விம்பிள்டன் வரை போய்ச் சேர்ந்துவிட்டது. கடை திறந்ததும் ஒருவர் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு வந்தார். கல்யாணத்தில் பார்த்த முகம். அவர் வாயைத் திறக்குமுன், விற்ற போனைத் திருப்பி எடுக்க ஏலாது என்று நான் சொல்லிவிட்டேன். தான் இன்னும் ஒன்றும் வாங்கவில்லையே என்றார் அவர். பிறகு விஷயத்தைச் சொன்னார்.

"என்ரை அம்மா கடைசி வரிசையிலை இருந்தவ. ஹியரிங் எய்டைக் கழட்டி ஹாண்ட்பாக்குக்கை போட்டிட்டா. நான் போன் எடுத்தால் அவவுக்கு ஒருநாளும் கேக்கிறேல்லை. அண்டைக்கு என்னைத் திரும்பிப் பாத்து, சோத்துக்காரர் ஆரெண்டு கேக்கிறா. அந்தப் போன் ஒண்டு தாங்கோ."

அவருக்குப் பின்னால் மாமியாருக்கு வாங்க வந்தவர்கள், சித்தப்பாவுக்கு வாங்க வந்தவர்கள், தனக்கே வாங்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரருக்கு என்று சொன்னவர்கள். ஒருவரும் பாட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. பெயரை வாசிக்குமா, எவ்வளவு சத்தமாக வாசிக்கும், இதுதான் கேள்வி. நான் கவுண்டரிலிருந்தே கடைப் போனிலிருந்து கூப்பிட்டுக் காட்டினேன். சலூன்காரர் சுவரில் தட்டினார். கடைசிப் பெட்டியும் தீபாவளிக்கு முன்னரே போய்விட்டது.

நேசன் அண்ணை வந்து வெறுமையான அலுமாரித் தட்டுகளைப் பார்த்தார். நான் ஸ்டூலில் நிமிர்ந்து இருந்தேன். என் கவுண்டரை நான் காப்பாற்றிவிட்டேன் என்ற பெருமையை மறைக்கவும் இல்லை. அவர் வெறும் தட்டு ஒன்றைக் கையால் தடவிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அவருடைய முகம் மலர்ந்தது.

"தாலியிலை நிண்டுபோன போனையே வித்துப்போட்டீர், பிள்ளை. அந்த பபிள் டீயை இனி வேறை ஆரையும் நம்பிக் குடுக்கேலாது. உந்தக் கவுண்டரிலை நீரே வில்லும்."

நிறையோ குறையோ, விற்றுத் தீர்த்தவர் தலையில்தான் அடுத்த பெட்டி ஏறும் என்பது கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் நம் எல்லோருக்கும் எழுதிய எழுத்து.